திருப்பி அனுப்பிய கிடாரம்

தம்பி,

நீ விசா அலுவலாகக் கொழும்பில் நிற்கிறாய். உன் பெட்டி முன் அறையில் திறந்தபடி கிடக்கிறது. அதற்குள் மாமி மிளகாய்த்தூள் போத்தலை வைக்கிறார், நான் எடுத்துவிடுகிறேன்; மறுபடி பார்த்தால் அது அங்கேயே இருக்கிறது. நீ போன பிறகு இந்த விளையாட்டும் நின்றுவிடும். வழியனுப்பும்போது தாய்மார் சொல்கிற எதையும் நான் சொல்லப்போவதில்லை என்று உனக்குத் தெரியும். கண்ணூறு கழிப்பதிலும் நூல் கட்டுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. படித்து, வேலை பார்த்து, இப்போது சாம்பியாவுக்குத் தெருப் போடப் போகிற ஆளிடம் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வதும் வீண். ஆனால் ஒரு விஷயத்தை இத்தனை காலமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நேரே சொல்லத் தொடங்கினால் நீ செருப்பைத் தேடுவாய், நான் அடுப்பைப் பார்க்கப் போவேன். அதனால் எழுதுகிறேன். அன்று உன்னோடு கூரையில் ஏறிய பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் காட்டு. மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

செல்லம்மாவின் வீட்டைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

புயலுக்கு முன்பு நாம் செல்லம்மாவை அறிந்ததெல்லாம் நம் வாசல் படலையடியில்தான். வடகரையிலிருந்து பஸ் ஏறி மீன் கடகத்தோடு மருதனார்மடத்துக்கு வருவார். சந்தையில் விற்றது போக மிச்சத்தை நம் ஒழுங்கைக்குக் கொண்டுவருவார். தன் மீனைத் தானே புகழமாட்டார். "இது நேற்றையான், ரீச்சர், உங்களுக்கு வேண்டாம்" என்று தானே ஒதுக்கி வைத்துவிடுவார். அதனாலேயே நான் வேறு யாரிடமும் வாங்கியதில்லை. வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்போம். அதற்கென்று படலைக்குப் பக்கத்தில், வேலிக் கதியாலில் ஒரு மூக்குப்பேணி தொங்கியது. வாய் படாமல் மூக்கு வழியாக ஊற்றிக் குடிக்கிற பித்தளைப் பேணி. வளவுக்குள் வரக்கூடாதவர்களுக்கு என்று வைத்த பேணி அது. நான் பிறந்த நாள் முதல் அது அங்கேதான் தொங்கியது. நான் பல்கலைக்கழக விடுதியில் எல்லோரோடும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவள். சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவள். ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அந்தப் பேணி என் கண்ணில் படாது. கதியாலைப் போல அதுவும் வேலியின் ஒரு பகுதி. நீதான் ஒருநாள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயதில், எனக்கும் அந்தப் பேணியில்தான் தண்ணீர் வேண்டும் என்று நிலத்தில் புரண்டு அழுதாய். மூக்கு வைத்த பேணி உனக்கு யானையாகத் தெரிந்தது. மாமி அதை உன் கையிலிருந்து பறித்துத் திரும்பக் கதியாலில் மாட்டிவிட்டு, உன்னைக் கன்றுக்குட்டி பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார். செல்லம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்குச் சூடைமீன் தெரிந்தெடுத்துத் தந்தார். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. நம் பக்கத்தில் வாழைகள் சரிந்தன, பள்ளிக்கூடத்துக் கூரையில் ஓடு பறந்தது, மாமாவின் புகையிலைக் கொட்டில் விழுந்தது. அதற்கே நாம் பெரிய இழப்பென்று கதைத்துக்கொண்டிருந்தோம். பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் செல்லம்மா வரவில்லை. நீ அப்போது பொறியியல் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தாய். வீட்டில் இருந்து இருந்து உனக்கும் சலித்திருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாய்: "வீடு இல்லை, அம்மா. விழேல்லை. இல்லை. வீடு இருந்த இடத்திலை மணல் கிடக்குது."

செல்லம்மாவும், அவர் கணவர் ராசையாவும், கைக்குழந்தையோடு நின்ற மூத்த மகள் பவளமும், இளைய பிள்ளைகள் இருவரும் சாய்த்துவைத்த வள்ளத்தின் மேல் பாய்மரப் பாயை இழுத்துக் கட்டி அதன் கீழே இருந்தார்கள். கரையிலிருந்த மற்றக் குடும்பங்கள் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தன. ராசையா மட்டும் வள்ளத்தை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றார். கரையிலிருந்து சற்று உள்ளே அவர் தாயின் காணித்துண்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு வீடு போட்டுக் கொடுக்கலாம் என்பது உன் யோசனை.

அப்பாவின் உத்தியோகம் அவரைக் கொழும்பிலேயே வைத்திருந்ததால் நம் வீட்டு அலுவல் எல்லாம் பக்கத்து வளவில் இருக்கிற என் அண்ணனை, உன் மாமாவை, கேட்டுத்தான் நடக்கும். நீ அவரிடம் போனபோது அவர் நடுகைக்கு வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன்.

"எஞ்சினியர் துரை வீடு கட்டப் போறாராம். கடதாசியிலையோ, நிலத்திலையோ?"

"நிலத்திலை, மாமா. உங்கடை பனைமரத்தை நம்பித்தான் போறன்."

"மரத்தை நம்பிறாய். என்னை நம்பேல்லை."

"நீங்கள் வராட்டி மரமும் வராது எண்டு எனக்குத் தெரியும்."

மாமாவுக்கு அந்தப் பதில் பிடித்துக்கொண்டது. அவர் எப்போதும் ஒரு குத்தல் சொல்லிவிட்டு இரண்டு மடங்கு வேலை செய்கிறவர். தன் வளவில் நின்ற பனைகளைத் தானே தெரிந்தெடுத்துத் தறித்தார். கூரை வேயப் பின்னிய தென்னோலைக் கிடுகு தந்தார். உழவு இயந்திரத்தைத் தந்தார். அத்திவாரத்துக்குக் கல் இல்லாமல் வெறும் மண்ணில் சுவர் எழுப்ப விடமாட்டேன் என்று கல் ஏற்றிக்கொண்டு தானே வந்து நின்றார். கொட்டில் விழுந்த நட்டத்தைப் பற்றிப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. மாமாவைப் பற்றி நான் இனி எழுதப்போவதை வாசிக்கும்போது இதையும் நீ சேர்த்து நினைக்க வேண்டும். அவர் மனதில் கஞ்சத்தனம் இருந்ததில்லை.

வெங்காயம் நட்டு முடித்த நம் ஊர்ப் பெடியள் உன்னோடு சேர்ந்துகொண்டார்கள். காலையில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வடகரைக்குப் போவீர்கள், மாலையில் மண் அப்பின கையோடு வருவீர்கள். உங்கள் மத்தியானச் சாப்பாட்டை நான் சமைத்தேன். நம் பெரிய பித்தளைக் கிடாரத்தில், கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் பரணிலிருந்து இறங்குகிற அந்தக் கிடாரத்தில், சோறும் சாம்பாரும் ஒன்றாகக் கிண்டி மூடிக் கட்டி அனுப்புவேன். தண்ணீரும் இங்கிருந்தே பால் கொண்டுபோகிற கானில் போனது. கரையில் தண்ணீர் உவர் என்று மாமா சொன்னார், அது உண்மையும்தான். வீடிழந்த மனிதரிடம் சாப்பாட்டையும் எதிர்பார்க்கலாமா என்று நானே சொன்னேன். அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டும்போது எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம் இருந்தது.

செல்லம்மா தினமும் தேத்தண்ணீர் வைத்துக் கொண்டுவருவாராம். மூன்று கல்லு வைத்த அடுப்பில், நனைந்த விறகை ஊதி ஊதி. ஒவ்வொருவரும், "வேண்டாமக்கா, உங்களுக்கேன் கரைச்சல்" என்பார்களாம். நான் ஒருநாள் பார்க்க வந்தபோது என்னிடமும் ஒரு கிளாஸ் நீட்டினார். நான் என் பிளாஸ்கைக் காட்டி, அதே வார்த்தையைச் சொன்னேன். உமக்கேன் கரைச்சல். எவ்வளவு நல்ல சொல், பார். உதறிப் பார்த்தாலும் அதிலிருந்து ஒரு குற்றமும் கீழே விழாது. மத்தியானமானதும் எல்லோரும் காணிக்கு வெளியே, தெருவோரப் பூவரசின் கீழே போயிருந்து சாப்பிடுவீர்கள். நிழலுக்காக என்று சொன்னீர்கள். அங்கே நிழலும் இருந்தது.

தொழில் வேறானாலும் அவர்களும் சைவம், நாங்களும் சைவம். ஒரே கோயில் திருவிழாவுக்குத்தான் இரண்டு பகுதியும் போகிறோம். ஆனால் நம் பக்கத்தார் அவர்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. விதியை மீற வேண்டிய இடத்தில் அதை மீறாமலிருக்க எல்லோருக்கும் ஏதோ ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும். உவர்த் தண்ணீர், நிழல், கரைச்சல்.

மார்கழி பிறந்து மழை விடாமல் பெய்தது. சுவர் எழும்பி, கைமரம் ஏறி, கூரை முகட்டைத் தவிர மற்றதெல்லாம் மூடியாகிவிட்டது. அறைக்குள் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அப்படியிருந்தும் செல்லம்மா குடும்பம் பாயின் கீழேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டு நான் மறுபடி வந்தேன். நீ கூரையில் இருந்தாய். நாங்கள் கதைத்தது உனக்குக் கேட்டிருக்காது. பவளம் குழந்தையை மடியில் வைத்துத் தன் முதுகை மழைப்பக்கம் திருப்பி இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"செல்லம்மா, வீடு மூடியாச்சு. பிள்ளையை ஏன் இதுக்குள்ளை வைச்சிருக்கிறீர்?"

"போவம், ரீச்சர். இப்ப என்ன அவசரம்."

"மார்கழி எண்டு பாக்கிறீரோ? மாதம் வீட்டுக்கு என்ன செய்யும்? நனைஞ்சால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். அதுக்கு மாதம் தெரியாது."

தொடர்ந்தும் சொன்னேன். நாள், நட்சத்திரம், மூடநம்பிக்கை என்று வகுப்பில் சொல்வதையெல்லாம் அந்தப் பாயின் கீழே குனிந்து நின்று சொன்னேன். அவர் முழுவதையும் மரியாதையோடு கேட்டார். பிறகு சிரித்தார்.

"மார்கழி எண்டு ஆர் சொன்னது? புயல் மாதம் பாத்தே வந்தது, நான் மாதம் பாக்க?"

"அப்ப என்ன?"

"உங்கடை வீடு வேய்ஞ்சால் வேய வந்தவைக்கு ஆர் சோறு போடுறது?"

"நாங்கள்தான்."

"வந்தவை தங்கடை சோத்தையும் தண்ணியையும் கொண்டு வந்து, வளவுக்கு வெளியாலை இருந்து திண்டிட்டுப் போனால்? அது உங்கடை வீடோ, ரீச்சர்?"

ராசையா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எங்களுக்கு ஒரு கரைச்சலும் வைக்காமல் கட்டிப்போட்டினம்."

"சும்மா இரு" என்று அவரை அடக்கிவிட்டு, செல்லம்மா எனக்குச் சொன்னார்: "தம்பியவை நல்ல பிள்ளையள். ஐயாவும் நல்லவர். நான் குறை சொல்லேல்லை. ஆனால் வேய்ஞ்சவை சாப்பிடாத வீட்டிலை நான் உலை வைக்கமாட்டன். அவை சாப்பிடட்டும், அண்டைக்கே போறன். இல்லாட்டி இந்தப் பாய் இருக்குது."

அந்தக் குழந்தை நனைந்துகொண்டிருந்தது, தம்பி. அப்படியும் செல்லம்மாவைப் பிடிவாதக்காரி என்று நினைக்க எனக்கு முடியவில்லை. வீடு போன பிறகு அந்த மனிதரிடம் மிச்சமிருந்த ஒரே உரிமை பிறத்தியாருக்குச் சோறு போடுவது. அதைத்தான் நாங்கள் தினமும் காலையில் கிடாரத்தில் அடைத்து, மூடிக் கட்டி, உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அன்று இரவு நீ சாப்பிட இருந்தபோது இதைச் சொன்னேன். நீ சோற்றைக் குழைத்துக்கொண்டே, "தெரியும்" என்றாய்.

"தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?"

"மாமாவுக்குச் சொன்னால் நாளைக்கு வரமாட்டார். அவர் வராட்டி முகடு மூடேலாது."

"பெடியளுக்காவது சொல்லலாமே?"

"சொல்லி இருத்தினால் அது சாப்பாடில்லை, அம்மா. கூட்டம்."

படித்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். இந்த இடத்தில் மேடை போட்டுப் பேசியிருப்பார்கள். பத்திரிகைக்கு எழுதியிருப்பார்கள். நானும் அப்படிப்பட்டவள்தான். நீ மோர் கேட்டாய், குடித்தாய், படுக்கப் போய்விட்டாய்.

முகடு மூடுவதை வெள்ளிக்கிழமைக்கு வைக்கலாம் என்று சொன்னது மாமா. அது ஏன் என்று பின்னால்தான் எனக்கு விளங்கியது. ஒருவேளை அது அவருக்கே விளங்காமல் நடந்திருக்கலாம். வெள்ளி காலையில் வழக்கம்போலச் சமைத்துக் கிடாரத்தை மூடி, குசினி வாசலில் வைத்தேன். நீங்கள் எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டு ஏறிப் போனீர்கள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கிடாரம் வாசலிலேயே இருந்தது. குடை, மூக்குக்கண்ணாடி, வீட்டுப் பூட்டின் திறப்பு எல்லாவற்றையும் மறக்கிற பிள்ளை கிடாரத்தையும் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். பெடியள் பசியோடு கூரையில் நிற்பார்களே என்று பதைத்து, சந்தியில் நின்ற வாடகைக் காரைக் கூப்பிட்டு, பின்பக்கத்தில் கிடாரத்தை ஏற்றி, அது சரியாமல் நானே பிடித்துக்கொண்டு வந்தேன். உன் திட்டத்தைக் குழப்ப இவ்வளவு சிரமப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒழுங்கை முகப்பில் நீ நின்றாய். கார்ச் சத்தம் கேட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறாய்; மார்பில் கிடுகுத் தும்பு ஒட்டியிருந்தது.

"ஏனம்மா கொண்டு வந்தனீங்கள்?"

"மறந்திட்டுப் போட்டாய்."

"மறக்கேல்லை."

நீ இவ்வளவுதான் சொன்னாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் மாமா காரைக் கண்டுவிட்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு வந்திட்டுது, இறங்குங்கோடா" என்று கூரையைப் பார்த்துக் கூப்பிட்டார். எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். செல்லம்மா அடுப்படியில் நிமிர்ந்து காரைப் பார்த்தார். அவர் கையில் அகப்பை இருந்தது. நீ அவரிடம் முன்பே சொல்லிச் சமைக்க வைத்திருந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

நீ குனிந்து சாரதியிடம் சொன்னாய்: "அண்ணை, உதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போங்கோ. அங்கை இருக்கிற சனத்துக்குக் குடுத்திட்டு வாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். வாடகை நான்தானே கொடுக்கிறேன். நான் "ஓம், கொண்டு போங்கோ" என்றேன். கார் பின்னால் எடுத்துத் திரும்பியது. மாமா ஒழுங்கை நடுவில் துவாயோடு நின்று, தன் மத்தியானச் சாப்பாடு தெருவில் போவதைப் பார்த்தார்.

"எங்கை போகுது?"

"பள்ளிக்கூடத்துக்கு, அண்ணை" என்றேன்.

புதுத் தரை மெழுகிக் காய்ந்திருந்தது. அறைக்குள் பாய் விரித்து, வாழையிலை போட்டு, ஒவ்வோர் இலைக்கும் பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். பெடியள் வாசலடியில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் மாமாவில். மாமாவுக்குத் தன் காரணம் தயாராக இருந்தது.

"இண்டைக்கு வெள்ளி. நான் மீன் மச்சம் தொடமாட்டன். நீங்கள் சாப்பிடுறதெண்டால் சாப்பிடுங்கோ."

"நானும் வெள்ளிக்கு மச்சம் தொடமாட்டன், ஐயா" என்றார் செல்லம்மா. "வெள்ளி எண்டு தெரியாமலோ சமைச்சனான்? எல்லாம் மரக்கறி."

அந்த வரிசையில் ஒரு பெருமூச்சு எழும்பியது. கடற்கரையில் சாப்பாடு என்றதும் பெடியள் மனதுக்குள் கணவாயும் நண்டும் கனவு கண்டிருக்கிறார்கள். "ஒரு கருவாட்டுத் துண்டு கூட இல்லையோ, அக்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். "வெள்ளிக்கிழமை கேக்கிற கேள்வியைப் பார்" என்று அவர் அகப்பையை ஓங்கினார். சிரிப்பு எழும்பியது. மாமா சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்தார்.

"என்ன கறி?"

"பூசணிக்காய், கத்தரிக்காய், பருப்பு. நேற்று மருதனார்மடத்துக்குப் போய் வாங்கி வந்தனான். பூசணி உங்கடை தோட்டத்துக் காய் எண்டு வித்தவன் சொன்னவன்." கொஞ்சம் நிறுத்தினார். "பூசணி உங்கடை, ஐயா. சட்டி மட்டுந்தான் எங்கடை."

மழை கிடுகில் விழுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் ஒருவர் நியாயம் கதைத்திருந்தால் மாமா திரும்பி நடந்திருப்பார்; அவரை எனக்குத் தெரியும். நீ உள்ளே போய் இருந்தாய். மூலையில் இருக்கவில்லை, நடுவில் இருந்தாய். உனக்குப் பக்கத்து இலையை நேராக இழுத்து வைத்துவிட்டு, பார்க்காமலே சொன்னாய்: "மாமா, சோறு ஆறுது."

மாமா வெளியே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். வாளியில் இருந்த தண்ணீரை அள்ளி, அந்த உவர்த் தண்ணீரை, கையில் ஊற்றிக் கழுவினார். காலையும் கழுவினார். உள்ளே வந்து உன் பக்கத்தில் இருந்தார். செல்லம்மா சோற்றை வைத்துக் கறியை விட்டார். மாமா குழைத்து ஒரு வாய் வைத்தார்.

"உப்புக் குறைவு."

"கடற்கரையிலை வந்திருந்து உப்புக்குக் குறை சொல்லுற ஆளை இப்பதான் காணுறன்" என்று வாசலில் நின்ற ராசையா சொன்னார். மாமா அப்போதுதான் சிரித்தார். அவர் சிரித்த பிறகு எல்லோரும் வந்து இருந்தார்கள். எல்லோரும் என்று எழுதுவது பொய். இரண்டு பேர் உழவு இயந்திரத்தைப் பார்க்கப் போனார்கள். அன்று அந்த இயந்திரத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

நான் அடுப்படியில் செல்லம்மாவோடும் பவளத்தோடும் இருந்து சாப்பிட்டேன். தண்ணீரை எனக்கு நீட்டும்போது செல்லம்மா முகத்தை மாற்றாமல் சொன்னார்: "எங்கடை வீட்டிலை மூக்குப்பேணி இல்லை, ரீச்சர். கிளாசிலைதான் குடிக்கவேணும்." நான் வாங்கிக் குடித்தேன். உவர்தான். மறுநாள் கதியாலில் பேணி இல்லை. யார் எடுத்தது என்று மாமி கேட்டபோது தெரியாது என்று நான் சொன்னதை நீ நம்பியிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

அன்று பின்னேரமே அவர்கள் பால் காய்ச்சி வீட்டுக்குள் போனார்கள். பவளத்தின் குழந்தை புதுச் சுவரில் கையை வைத்து வைத்துப் பார்த்ததாம். நீ அதைப் பார்க்க நிற்கவில்லை, பெடியளோடு ஏறிவிட்டாய். வழியில் நீங்கள் கதைத்ததெல்லாம் கணவாயைப் பற்றித்தான் என்று மாமா பிறகு குறைப்பட்டார்.

ஒரு சாப்பாடு ஊரை மாற்றிவிட்டது என்று எழுத எனக்குக் கை வராது. மறு வருடம் மாமா வீட்டு மாலுக்கு, அந்த ஓலைக் கொட்டிலுக்கு, கூரை வேய்ந்தபோது, கேட்காமலே ராசையா வந்து கூரையில் ஏறினார். மாமி அவருக்கு இலை போட்டார். வெளி விறாந்தையில் போட்டார். இலை போட்டார் என்பதையும் எழுத வேண்டும், வெளி விறாந்தை என்பதையும் எழுத வேண்டும். ராசையா சாப்பிட்டுவிட்டு, "உப்புச் சரி" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். இன்னும் ஒரு வாசல்படி இருக்கிறது.

நான் பெருமைப்படுவது எதற்கு என்று நீ பிழையாக நினைக்கக்கூடாது. புயலுக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் பலர். பெயர்ப்பலகை வைத்தவர்களும் இருக்கிறார்கள். நீ ஒரு குடும்பத்துக்குச் சுவரும் கூரையும் கொடுத்துவிட்டு, அது இன்னும் வீடாகவில்லை என்பதைக் கண்டாய். கண்டதை யாருக்கும் பாடமாகச் சொல்லாமல், யாரையும் தலைகுனிய வைக்காமல், ஒரு கிடாரத்தை வாசலில் விட்டுவிட்டுப் போனாய். மாமா இன்றைக்கும் தன் விருப்பத்தோடுதான் அங்கே இருந்து சாப்பிட்டதாக நம்புகிறார். அது உண்மையும்தான். அவருக்கு அந்த உண்மையை விட்டுவைத்த பிள்ளை என் பிள்ளை என்று நினைக்கும்போது, நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நின்று கதைக்கிற எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் சென்றது.

இனி நீ போகிற நாட்டில் உனக்குக் கீழே பலர் வேலை செய்வார்கள். உன் கையில் கொடுக்கக்கூடிய நிலை இருக்கும். அவர்கள் ஏதாவது நீட்டுவார்கள். என்ன கஞ்சியோ, என்ன கிழங்கோ எனக்குத் தெரியாது. உங்களுக்கேன் கரைச்சல் என்று அவர்கள் பாஷையில் சொல்லக் கற்றுக்கொள்ளாதே. வயிற்றுக்குப் பிடிக்கிறதா என்பது அடுத்த கேள்வி. முதலில் இரு, வாங்கு, சாப்பிடு. கிடாரத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. புத்தி சொல்லமாட்டேன் என்று தொடங்கினேன்; இது ஒன்றைத்தான் சொல்லிவிட்டேன்.

உண்மையில் கிடாரமும் இங்கே இல்லை. செல்லம்மாவின் சின்ன மகளின் கலியாணத்துக்குக் கேட்டு வாங்கிப் போனது, நீயும் நானும் போய்ச் சாப்பிட்டோமே, அதற்குப் பிறகு அது அந்தக் கரையிலேயே வீடு வீடாகச் சுற்றுகிறது. உன் பயணத்துக்கு முன்னால் இனசனத்துக்கு ஒரு சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று மாமா சொன்னார். அப்போது கிடாரம் வேண்டுமே என்று நேற்றுப் போய்க் கேட்டேன். "நானே கொண்டு வாறன், ரீச்சர்" என்றார் செல்லம்மா. "வெறுங்கிடாரத்தை ஆரும் திருப்பிக் குடுக்கிறதே?" சாப்பாட்டுக்கு முதல்நாள் ராசையா மீனுக்குக் கடலுக்குப் போவாராம்.

நாள் வைக்க மாமா பஞ்சாங்கத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நட்சத்திரம், ராகுகாலம் ஒன்றையும் சொல்லவில்லை. "ஞாயிறு" என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை மடியில் வைத்தார். வெள்ளி இல்லை, செவ்வாய் இல்லை, விரதம் ஒன்றும் இல்லாத ஞாயிறு. அவர் பார்த்தது அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். கிடாரம் வந்ததும் முதலில் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று மாமி குசினிக்குள் இருந்து சொன்னார்.

"நிறைஞ்சு வாற கிடாரத்தை எப்பிடித் தேய்க்கிறது?" என்றார் மாமா.

ஞாயிறு மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்துவிடு. மாமா உனக்காகக் காத்திருக்கமாட்டார்.

அம்மா